எஃகு குண்டின் அடர்த்தி 7.71 வருகிறது, தவறு எங்கே?

மகிழ்நன்_11
திங்கள், இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். இன்று ஆய்வகத்தில் எஃகு குண்டின் அடர்த்தி கண்டுபிடித்தோம். என் அளவுகள்:

நிறை 8.37 கிராம். எண்ணியல் தராசு, 0.01 கிராம் வரை காட்டும்.
விட்டம் திருகு அளவியில் எடுத்தது. புரிக்கோல் (நேர் அளவுகோல்) 12, தலைக்கோல் (சுழலும் உருளையில் உள்ள அளவுகோல்) ஒன்றிப்பு 75, மீச்சிற்றளவு (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ. ஐந்து முறை எடுத்தேன்: 12.74, 12.75, 12.75, 12.76, 12.75. சராசரி 12.75 மி.மீ.

கன அளவு 1.085 க.செ.மீ. வருகிறது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.71 கிராம். எஃகுக்குச் சுமார் 7.8 வர வேண்டும் என்றார்கள். பக்கத்து மேசை நண்பன் நிறையை 8.47 என்று மாற்றி எழுதச் சொன்னான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்படி எழுதினால் சரியாக 7.80 வருகிறது. ஆனால் தராசு காட்டியது 8.37தான். மாற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதிவேடு கொடுக்க வேண்டும். எங்கே தவறினேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

கலா_டீச்சர்
திங்கள், இரவு 9.05

மகிழ், முதலில் ஒன்று. 8.37ஐத் தொடாதே. நீ கண்ணால் பார்த்த எண் அது.

திருகு அளவியை எடுத்ததும் இரண்டு முனைகளையும் ஒட்ட வைத்து சுழிப்பிழை, அதாவது அப்போதும் அளவி சுழி காட்டாமல் தள்ளி நிற்கிறதா என்று, பார்த்தாயா? அட்டவணையில் அதற்கு ஒரு வரி இருந்திருக்குமே, அதில் என்ன எழுதியிருக்கிறாய்?

மகிழ்நன்_11
திங்கள், இரவு 9.12

"சுழிப்பிழை இல்லை" என்று எழுதியிருக்கிறேன் டீச்சர். எங்கள் மேசையில் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். நான் தனியாகப் பார்க்கவில்லை.

இரண்டு_பிள்ளை_அப்பா
திங்கள், இரவு 9.30

தம்பி, என் மகளும் போன வருடம் இதே சோதனை செய்தாள். 7.8க்கும் 7.71க்கும் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றேகால்கூட இல்லை. 7.71 என்றே எழுதி, கீழே சதவீதப் பிழை 1.2 என்று போட்டுக் கொடுத்துவிடு. அட்டவணைக்கும் சூத்திரத்துக்கும்தான் மதிப்பெண். பொய் எழுத வேண்டாம், அதே சமயம் இதற்காக ஒரு வாரத்தைச் செலவழிக்கவும் வேண்டாம்.

பட்டறைக்காரன்_கோவை
திங்கள், இரவு 10.50

பள்ளிக்கூட விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. ஆனால் 12.75 என்ற எண்ணைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பதினெட்டு வருடமாக லேத்தில் நிற்கிறேன், தினமும் கையில் மைக்ரோமீட்டர் (நீங்கள் திருகு அளவி என்பது அதுதான்).

ஆய்வகங்களில் இருக்கும் எஃகு குண்டு அநேகமாக பேரிங் பால்தான் (பேரிங்குக்குள் உருளும் குண்டு). பேரிங் பால் இஞ்ச் கணக்கில் நிறைய வரும். அரை இஞ்ச் என்றால் 12.70 மி.மீ., கச்சிதமாக. 12.75 என்று ஒரு பால் நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் யோசித்துப் பார். கிரேடு 100 என்று சாதாரணமாக விற்கிற பாலில்கூட உருண்டை வடிவம் 2.5 மைக்ரானுக்குள் நிற்கும். ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உன் அளவியின் ஒரு பிரிவோ பத்து மைக்ரான். உன் கருவியைவிட அந்தக் குண்டு பல மடங்கு துல்லியமானது. இரண்டுக்கும் ஒத்துப் போகவில்லை என்றால் நான் குண்டை நம்புவேன், அளவியைச் சந்தேகிப்பேன்.

எங்கள் பட்டறையில் காலையில் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்ததும் செய்கிற முதல் வேலை இது. இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு துண்டு வெள்ளைத் தாளை வைத்து லேசாகப் பிடிக்க விட்டு மெல்ல உருவுவோம். தூசி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் தாளோடு வந்துவிடும். அப்புறம் ராட்செட்டை (அளவுக்கு மேல் அழுத்தாமல் நழுவிவிடும் நுனித் திருகு) மட்டும் பிடித்துத் திருகி, மூன்று முறை "கிளிக்" கேட்டதும் நிறுத்தி, சுழி எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். உருளையைப் பிடித்துத் திருகினால் கையின் பலத்துக்குத் தக்கபடி அளவு மாறும். உன்னுடைய ஐந்து அளவும் ஒன்றுக்கொன்று இரண்டு பிரிவுக்குள் இருக்கிறது, அதனால் கை சுத்தம்தான். கருவியைப் பார்.

மகிழ்நன்_11
செவ்வாய், மாலை 5.20

அண்ணா, டீச்சர், இன்று மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் அனுமதி கேட்டு அதே அளவியை எடுத்தேன். தாள் வைத்து உருவினேன், கறுப்பாகக் கோடு விழுந்தது. பிறகு ராட்செட்டில் மூன்று கிளிக். தலைக்கோலின் சுழி, புரிக்கோல் கோட்டுக்குக் கீழே நின்றது. கோட்டோடு ஒன்றியது ஐந்தாவது பிரிவு. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் ஐந்து.

நேர் சுழிப்பிழை 0.05 மி.மீ. 12.75 − 0.05 = 12.70!

கன அளவு 1.0725 க.செ.மீ. அடர்த்தி 8.37 ÷ 1.0725 = 7.80.

பட்டறை அண்ணா அளவியைப் பார்க்காமலேயே சொன்னது சரியாக வந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி. ஐந்து முறை எடுத்தும் ஐந்தும் ஒத்துப் போனதே? அப்படியானால் சராசரி எடுப்பதற்கு என்ன பயன்?

கலா_டீச்சர்
செவ்வாய், இரவு 8.15

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

உன் ஐந்து அளவுகளில் 12.74உம் 12.76உம் இருக்கின்றனவே, அந்த ஏற்ற இறக்கம் சமவாய்ப்புப் பிழை. கை அழுத்தம், கண் பார்க்கும் கோணம் இவற்றால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். சராசரி எடுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். சுழிப்பிழை அப்படியல்ல. ஐந்து முறையும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளுகிறது. நீ ஐந்நூறு முறை எடுத்திருந்தாலும் சராசரி 12.75லேயே நின்றிருக்கும். அளவுகள் ஒத்துப் போவது உன் கை நிதானத்துக்குச் சான்று. எண் உண்மை என்பதற்குச் சான்று ஆகாது. முறையான பிழையைப் பிடிக்க, அந்தக் கருவிக்கு வெளியே இருந்து ஒன்று வேண்டும். முனைகளை ஒட்ட வைத்துப் பார்ப்பது, விட்டம் நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை அளப்பது, அல்லது வேறு முறையில் அதே விடையைத் தேடுவது.

அடுத்தது, 0.05 மி.மீ. என்ற சின்ன தவறு அடர்த்தியில் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தது? 12.70இல் 0.05 என்பது 0.39 சதவீதம்தான். ஆனால் கன அளவில் விட்டம் மூன்று முறை பெருக்கப்படுகிறது. அதனால் பிழையும் மூன்று மடங்காகி 1.2 சதவீதம். உன் 7.71 அங்கேயிருந்துதான் வந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் எந்த அளவில் அதிகக் கவனம் வைக்க வேண்டும் என்பது தானே விளங்கும். 8.37 கிராமில் 0.01 என்பது 0.12 சதவீதம். இதே விட்டத்தை 0.1 மி.மீ. மீச்சிற்றளவு உள்ள வெர்னியர் அளவியில் எடுத்தால் 0.79 சதவீதம், மும்மடங்கானால் 2.4. அந்த நிலையில் பள்ளி ஆயிரம் ஆயிரமாகச் செலவு செய்து மில்லிகிராம் தராசு வாங்கினாலும் விடை ஒரு துளிகூட மேம்படாது. திருகு அளவிக்கு மாறினால் 0.24 சதவீதம். நிறையின் 0.12ஐயும் கூட்டினால் 0.36. ஆகவே உன் விடை 7.80 ± 0.03. கணிப்பான் எட்டு இலக்கம் காட்டுகிறதே என்று 7.8041958 என்று எழுதிவிடாதே. மூன்றாம் இலக்கத்துக்குப் பிறகு உள்ளதை நீ அளக்கவில்லை.

யாழ்_பௌதிக_ஆசிரியர்
செவ்வாய், இரவு 10.02

நல்ல உரையாடல். இங்கே நாங்கள் நிறையைத் திணிவு என்றும், மீச்சிற்றளவை இழிவெண்ணிக்கை என்றும், சுழிப்பிழையைப் பூச்சிய வழு என்றும் சொல்லிப் படிப்பிக்கிறோம். பெயர் எதுவானாலும் மாணவர் பார்க்காமல் விடுகிற இடம் ஒன்றுதான்.

தம்பி மகிழுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். பேரிங் குண்டு மிகவும் நல்ல பிள்ளை, எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே விட்டம் காட்டும். அதே திருகு அளவியில் விளையாட்டுக் கண்ணாடிக் குண்டு ஒன்றை அளந்து பாருங்கள். என் மாணவி ஒருத்தி அளந்த குண்டில் ஒரு திசையில் 15.42 மி.மீ., அதற்குச் செங்குத்தாக 15.71, மூன்றாவது திசையில் 15.88. கருவி 0.01 மி.மீ. வரை காட்டுகிறது, ஆனால் குண்டுக்கு விட்டம் என்று ஒரே எண் கிடையாது. திணிவு 5.04 கிராம். சராசரி விட்டம் 15.67 என்று எடுத்தால் அடர்த்தி 2.50 வருகிறது. கண்ணாடிக்குப் பொருத்தமான எண். ஆனால் விட்டத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம் நிச்சயமில்லை, எனவே அடர்த்தியில் மூன்று சதவீதம். அவள் 2.50 ± 0.08 என்று எழுதினாள். நான் முழுப் புள்ளி கொடுத்தேன்.

கிலோகிராமுக்கு 2019 மே 20 முதல் புது வரையறை வந்தது தெரிந்திருக்கும். அதற்கு முன் பாரிசுக்கு அருகே செவ்ரில் வைத்திருந்த பிளாட்டினம் இரிடியம் உருளைதான் கிலோகிராம். புது வரையறைக்கு வழி செய்த வேலைகளில் ஒன்று, சிலிக்கான்-28இல் கடைந்த ஒரு கிலோ உருண்டை. விட்டம் சுமார் 93.7 மி.மீ. அங்கேயும் செய்தது மகிழ் செய்த வேலைதான். திணிவு, விட்டம், அதிலிருந்து கனவளவு. விட்டத்தை லேசர் குறுக்கீட்டு முறையில் நூற்றுக்கணக்கான திசைகளில் எடுத்தார்கள். உலகத்திலேயே மிக உருண்டையான பொருள்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய குண்டையும் அவர்கள் ஒரே திசையில் அளந்து விட்டுவிடவில்லை.

நகை_மதிப்பீட்டாளர்
புதன், காலை 7.30

கலா டீச்சர் "வேறு முறையில் அதே விடையைத் தேடுவது" என்று எழுதியிருந்தார்கள். எங்கள் தொழிலில் அதுதான் முதல் முறையே. வளையலுக்கும் ஜிமிக்கிக்கும் விட்டம் எடுத்துக் கன அளவு போட முடியாது. தண்ணீரில் முக்கித்தான் பார்ப்போம்.

உன் 0.01 கிராம் தராசே போதும். தராசின் மேல் தண்ணீர் உள்ள கிண்ணத்தை வைத்து எண்ணைச் சுழியாக்கு. பொருளை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் முங்கும்படி தொங்கவிடு. தராசு எவ்வளவு ஏறுகிறதோ அது பொருள் விலக்கிய தண்ணீரின் நிறை. பொருளின் நிறையை அதனால் வகுத்தால் தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும்.

அரை இஞ்ச் குண்டு ஒன்றுக்குத் தராசு 1.07தான் ஏறும். அதில் 0.01 என்றால் ஒரு சதவீதம், திருகு அளவியே மேல். ஆனால் சைக்கிள் கடையில் கால் இஞ்ச் பால் சல்லிசாகக் கிடைக்கும். நூறு வாங்கி ஒன்றாக முக்கு. ஏற்றம் பதின்மூன்று கிராமுக்கு மேல் போகும், 0.01 என்பது ஒரு பொருட்டே இல்லாமல் போய்விடும்.

காற்றுக் குமிழிதான் எதிரி. ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. சொரசொரப்பான நகையில் கண்ணுக்குத் தெரியாத குமிழி நான்கு ஒட்டிக்கொண்டால், 22 காரட் நகையும் கலப்பு அதிகம் போலக் காட்டும். ஒரு முறை ஒரு பாட்டியின் அட்டிகைக்குக் குறைவாக வந்து, அவர் முகம் வாடிப் போனது. வெந்நீரில் அலசி, குமிழி போக ஆட்டிவிட்டு மறுபடி முக்கினேன். சரியாக வந்தது. அன்றிலிருந்து இரண்டு முறை முக்காமல் யாரிடமும் எண் சொல்வதில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. தங்கம் 19.3, டங்ஸ்டன் 19.25. உள்ளே டங்ஸ்டன் வைத்து மேலே தங்கம் போர்த்தினால் தண்ணீர் கண்டுபிடிக்காது.

மகிழ்நன்_11
வியாழன், மாலை 6.45

செய்துவிட்டேன்! சைக்கிள் கடையில் கால் இஞ்ச் பால் நூறு வாங்கினேன். கிரீஸாக இருந்தது, அப்பா மண்ணெண்ணெயில் அலசித் துணியில் துடைத்துக் கொடுத்தார். பக்கத்துத் தெரு அக்காவிடம் 200 கிராம் கொள்ளும் 0.01 கிராம் தராசு இருந்தது. அம்மாவிடம் பழைய நைலான் துணி வாங்கிச் சின்ன மூட்டையாகக் கட்டினேன்.

நூறு குண்டின் நிறை 104.58 கிராம்.
மூட்டையை முக்கியதும் தராசு 13.92 காட்டியது. மூட்டையை மெல்ல ஆட்டினேன், உள்ளேயிருந்து குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. எண் 13.80, 13.69 என்று இறங்கி 13.56இல் நின்றது. அப்புறம் ஆட்டியும் மாறவில்லை. காலித் துணியை மட்டும் முக்கினேன், 0.21. ஆகவே குண்டுகளுக்கு 13.35.

104.58 ÷ 13.35 = 7.83.

நகை மதிப்பீட்டாளர் ஐயா சொன்னபடி மறுபடியும் செய்தேன், 13.34 வந்தது. இப்போது 7.83ஆ 7.80ஆ? திருகு அளவி தப்பா, தண்ணீர் தப்பா?

இரண்டு_பிள்ளை_அப்பா
வியாழன், இரவு 7.10

தம்பி, நீ செய்ததைப் படிக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் 7.83, 7.80 இரண்டுக்கும் இடையில் அரை சதவீதம்கூட இல்லை. இதற்குமேல் என்ன தேட வேண்டும்? உண்மையாகவே கேட்கிறேன்.

கலா_டீச்சர்
வியாழன், இரவு 8.30

மகிழ், தண்ணீரின் அடர்த்தியை 1 என்று எடுத்துவிட்டாய். அது 4 டிகிரியில். 25 டிகிரியில் 0.9970, 30 டிகிரியில் 0.9957. உன் கிண்ணத்துத் தண்ணீர் எத்தனை டிகிரி? 30 என்று வைத்தால் கன அளவு 13.35 ÷ 0.9957 = 13.41. மறுபடி வகுத்துப் பார்.

இந்த முறையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இரண்டு எண்ணையும் ஒரே தராசில் எடுக்கிறாய். தராசு எல்லா எடையையும் ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் வகுக்கும்போது அந்தத் தவறு அடிபட்டுப் போகும். எண்ணியல் தராசு உண்மையில் விசையைத்தான் உணர்கிறது. புவியீர்ப்பு முடுக்கம் சென்னையில் சுமார் 9.783, டெல்லியில் சுமார் 9.791. அங்கே சரிசெய்த தராசை இங்கே கொண்டு வந்து அப்படியே பயன்படுத்தினால் 200 கிராமுக்குச் சுமார் 0.16 கிராம் குறைவாகக் காட்டும். திருகு அளவி முறையில் அந்தக் குறை விடையில் தங்கிவிடும். தண்ணீர் முறையில் தங்காது.

அப்பா கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். அரை சதவீதத்தில் என்ன இருக்கிறது?

இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கி எடுத்த நைட்ரஜன் ஒரு பக்கம், அமோனியாவின் உதவியோடு எடுத்தது இன்னொரு பக்கம். இரண்டாவது ஆயிரத்தில் ஒரு பங்கு லேசாக இருந்தது. பிழை என்று ஒதுக்கிவிட எல்லா நியாயமும் இருந்தது. அவர் ஒதுக்கவில்லை. 1892இல் நேச்சர் இதழில் கடிதம் எழுதி, காரணம் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார், இன்று மகிழ் இங்கே கேட்கிற மாதிரி. பிறகு அந்த வித்தியாசத்தைக் குறைக்கப் பார்க்காமல், பெரிதாக்கிப் பார்க்கிற வழியைத் தேடினார். நைட்ரஜன் முழுவதும் வேதிப் பொருள்களிலிருந்தே வரும்படி செய்தார். வித்தியாசம் இருநூறில் ஒரு பங்கு ஆனது. ஒரே கண்ணாடிக் குடுவையில் காற்று நைட்ரஜன் 2.310 கிராம், வேதி நைட்ரஜன் 2.299 கிராம். எத்தனை முறை நிறுத்தாலும் இரண்டும் ஒன்றாகவில்லை.

காற்றிலிருந்து எடுத்ததில், அதுவரை யாரும் அறியாத கனமான வாயு ஒன்று கலந்திருந்தது. 1894இல் ராலேயும் ராம்சேயும் அறிவித்தார்கள், அதுதான் ஆர்கான். நாம் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அது. 1904இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு. எல்லாம் அந்த அரை சதவீதத்துக்குள் இருந்தது.

மகிழின் அரை சதவீதத்துக்குள் இருந்தது தண்ணீரின் வெப்பநிலை. ஆனால் தேடாமல் எது இருக்கிறது என்று தெரியாதே.

இரண்டு_பிள்ளை_அப்பா
வியாழன், இரவு 8.55

ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். மகளிடமும் படிக்கக் கொடுத்திருக்கிறேன். அவள் சோதனையில் 8.1 வந்தது, சுழிப்பிழை பார்த்த நினைவு அவளுக்கும் இல்லையாம்.

மகிழ்நன்_11
வியாழன், இரவு 9.40

வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிதான் இருக்கிறது, அது 35க்குக் கீழே காட்டாது. தராசு கொடுத்த அக்கா மீன் தொட்டி வைத்திருக்கிறார், அதன் வெப்பமானியை வாங்கித் தண்ணீரில் வைத்தேன். 30 டிகிரி.

13.35 ÷ 0.9957 = 13.41 க.செ.மீ. அடர்த்தி 7.80. இரண்டு முறை முக்கியதில் 0.01தான் வித்தியாசம் என்றாலும், குமிழி இன்னும் கொஞ்சம் ஒளிந்திருக்கலாம் என்று 0.03 கிராம் விட்டேன். 7.80 ± 0.02 என்று வருகிறது. திருகு அளவியில் 7.80 ± 0.03.

பதிவேட்டில் 12.75ஐ அழிக்கவில்லை. ஐந்து அளவும் அப்படியே இருக்கின்றன. "சுழிப்பிழை இல்லை" என்று இருந்ததை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் "+5 பிரிவுகள், மறுநாள் பார்த்தது" என்று தேதியோடு எழுதி, திருத்திய விட்டத்தைத் தனிப் பத்தியில் போட்டேன். தண்ணீர் முறையைக் கடைசிப் பக்கத்தில் இணைத்திருக்கிறேன். எங்கள் மேசை நண்பர்களிடமும் சொன்னேன். அந்த அளவியை வைத்து அளந்த எல்லோருக்கும் 0.05 கழிக்க வேண்டுமே.

பட்டறைக்காரன்_கோவை
வியாழன், இரவு 10.15

அருமை தம்பி. அந்த அளவியின் பெட்டிக்குள் "+0.05" என்று ஒரு சீட்டும், பார்த்த தேதியும் எழுதி வைத்துவிடு, அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் கருவியை எடுத்ததும் பார்ப்பார்கள். அப்புறம், நூறு பாலும் தண்ணீரில் இருந்து வந்தவை. இன்றே துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி டப்பாவில் போடு. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் துருப்பிடித்திருக்கும், அப்புறம் அவற்றின் நிறையும் மாறிவிடும்.